கொப்பியா, போனா? உயர்தரப் பிள்ளைகள் குறிப்பெடுக்க எது நல்லது

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது குறிப்பெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சி.ஆர். கொப்பி. மற்றது போன், கொஞ்சம் வசதி இருந்தால் லெப்டொப். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடி வகுப்புகள் சூமுக்குப் போனதிலிருந்து, “டைப் பண்ணி வைத்தால் போதாதா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாடம் நடக்கும்போது கொப்பிதான் நல்லது என்பது என் முடிவு. ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் மட்டும் போதாது.

கையால் எழுதினால் மனதில் பதியும் என்பதுதான் அந்தக் காரணம். 2014இல் அமெரிக்காவில் பாம் முல்லரும் டேனியல் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வை இதற்கு எல்லோரும் காட்டுவார்கள். விரிவுரைக் காணொளியைப் போட்டு, சிலரை லெப்டொப்பிலும் சிலரைக் கையாலும் குறிப்பெடுக்க வைத்தார்கள். டைப் செய்தவர்கள் நிறைய எழுதினார்கள், ஆனால் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் இறக்கினார்கள். விளங்கிப் பதில் சொல்லவேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களே முந்தினார்கள். அப்படியே இறக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் டைப் செய்தவர்களால் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை.

2021இல் வேறொரு குழு இதே சோதனையைத் திரும்பச் செய்தது. சொல்லுக்குச் சொல் இறக்கும் பழக்கம் அப்போதும் தெரிந்தது, ஆனால் புள்ளிகளில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆக, பேனையைப் பிடித்தாலே படிப்பு வந்துவிடாது. கை மெதுவாகப் போவதால் எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பலன் அந்த யோசனையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நம் வகுப்புகளில் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போகிறது என்பதுதான் என் கவலை. ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்ல, பிள்ளை தலை நிமிராமல் எழுதுகிறது. முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி உட்பட எல்லாம் கொப்பிக்கு வந்துவிடும். “இதில் என்ன விளங்கியது?” என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படி எழுதுவதற்கும் லெப்டொப்பில் அடித்துத் தள்ளுவதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

உயிரியலில் இதய வெட்டுமுகத்தை எடுத்துக்கொள்வோம். சோணையறை இரண்டு, இதயவறை இரண்டு, குருதி போகும் திசைக்கு அம்புக்குறி. கொப்பியில் வரைகிற பிள்ளை வலது இதயவறையிலிருந்து அம்பை நுரையீரல் பக்கம் திருப்பும்போதே, ஏன் அங்கே போகிறது என்று யோசிக்கிறது. போனில் படம் பிடித்து வைத்த பிள்ளையிடம் படம் மட்டும்தான் இருக்கும். இரசாயனச் சமன்பாடு, இணைந்த கணிதம், மின்சுற்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கீபோர்டில் இவற்றை எழுதப் போனால் பாடம் முடிந்துவிடும்.

தமிழில் டைப் செய்வதில் இன்னொரு சிக்கல். பலர் ஆங்கில எழுத்தில் தட்டி, போன் காட்டும் தமிழ்ச் சொல்லைத் தொடுகிறார்கள். லகரமா ளகரமா என்று பிள்ளை யோசிப்பதில்லை. ஒளித்தொகுப்பு ‘ஒலித்தொகுப்பு’ ஆகிவிட்டாலும் கண்ணில் படாது. பரீட்சை மண்டபத்தில் அந்த உதவி கிடையாது. இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம் விடாமல் கையால்தான் எழுத வேண்டும், அந்தப் பழக்கம் கடைசி மாதத்தில் வராது.

சரி, போன் எங்கே வெல்கிறது? தேடுவதில், திருத்துவதில், பகிர்வதில். மழையில் பஸ் ஓடாமல் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்குக் குறிப்பு ஒரு நிமிடத்தில் போய்ச் சேரும். வரலாறு, பொருளியல் மாதிரி நீளமான பாடங்களில் பழைய விஷயத்தைத் தேடி எடுப்பதும் சுலபம். ஆனால் லயத்து வீட்டில் ஒரு போனை அண்ணன், தங்கை எல்லோரும் பங்குபோட வேண்டும், டேட்டாவும் முடியும், இடையில் வட்ஸ்அப்பும் வரும். கொப்பிக்கும் செலவு உண்டு. 2022 நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஆனாலும் வாங்கிய கொப்பிக்கு சிக்னலும் சார்ஜும் தேவையில்லை.

கையால் எழுதவே சிரமப்படும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. கீபோர்ட் கிடைத்தால் அவர்கள் யோசிக்க நேரம் மிஞ்சும் என்றால் அதையே கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் வகுப்பில் கொப்பியின் வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். அன்றிரவே எதையும் பார்க்காமல் நினைவில் இருப்பதை இடப்பக்கத்தில் உங்கள் வார்த்தையில் எழுதிவிட்டு, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். அப்புறம் வேண்டுமானால் அந்த இடப்பக்கத்தை டைப் செய்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோட்ஸை அச்சடித்தோ வட்ஸ்அப்பிலோ கொடுத்துவிடுங்கள், சொல்லி எழுதவைக்கும் நேரத்தில் பிள்ளைகளிடம் கேள்வி கேளுங்கள்.