'டயாலிசிஸ் ஸ்பெஷல்' பொட்டலத்தை நம்பி ஏமாந்தேன்

நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இடத்தில் புதிதாக ஒரு சிற்றுண்டிப் பொட்டலம் விற்க ஆரம்பித்தார்கள். மேலே 'டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே தயாரித்தது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ், உப்பு சிப்ஸ், சீஸ் சாண்ட்விச். சிறுநீரகம் பழுதானவன் தள்ளிவைக்க வேண்டிய நான்கும் ஒரே பையில்! சந்தேகப்பட்டுக் கேட்டேன். "மிஷின் ஓடிட்டுத்தானே இருக்கு, எல்லாத்தையும் இழுத்துடும்" என்றார் விற்றவர். பசி வேறு. வாங்கிவிட்டேன்.

ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஜூஸ் டப்பாவைப் பல்லால் பிய்த்து, சாய்ந்தபடியே ஒரு கையால் தின்று முடித்தேன். நான்கு மணி நேரத்தில் அது மூன்றாவது மணி. கொஞ்ச நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி. தூக்கம் என்று நினைத்தேன். அப்புறம் காது அடைத்தது, முதுகு வியர்த்து நனைந்தது, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. பிபி 140இலிருந்து 84க்கு இறங்கியிருந்தது. நர்ஸ் ஓடிவந்து தலை தாழ, கால் உயர நாற்காலியைச் சாய்த்து, நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு சலைன் ஏற்றினார். அந்த நிலையிலேயே வாந்தி. மூச்சுக்குழாய்க்குள் போகாதது என் நல்ல நேரம். எடுக்க வேண்டிய நீரில் அரை லிட்டரைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்பினேன்.

சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குத் திரும்புகிறது. அதே நேரம் மிஷின் உடம்பிலிருந்து நீரை உருவுகிறது. பிபி இறங்காமல் என்ன செய்யும்? 'இழுத்துடும்' என்பதும் பொய். மூன்றாவது மணியில் தின்ற வாழைப்பழத்தில் இருக்கும், பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியத்தில் பெரும்பகுதி, மிஷினை நிறுத்திய பிறகுதான் ரத்தத்தில் சேரும்.

பிபி நிலையாக இருப்பவர்களுக்குச் சில இடங்களில் டாக்டர்களே கொஞ்சம் புரதம் சாப்பிடச் சொல்வதுண்டு; டயாலிசிஸில் அமினோ அமிலமும் வெளியேறுகிறதே. நான் இப்போது இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். பசித்தால் முதல் மணிக்குள், நிமிர்ந்து உட்கார்ந்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு அல்லது நாலு துண்டு ஆப்பிள். அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

புகார் செய்தேன். உணவியல் நிபுணர் யாரும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததே இல்லையாம். இப்போதும் விற்கிறார்கள். ஒட்டிய தாளை மட்டும் கிழித்துவிட்டார்கள்.