ட்ரெவர் நோவாவின் பால்யம்: கண்ணாலா, காதாலா?

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ட்ரெவர் நோவாவின் தன்வரலாறான ‘பார்ன் எ கிரைம்’ வாங்கினேன். நாற்பதாவது பக்கத்தில் நின்றுபோனது. ஆறு மாதம் கழித்து அதையே ஒலிப்புத்தகமாக வாங்கி ஐந்தே நாளில் முடித்தேன். ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசு கொடுத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

புத்தகம் 2016இல் வந்தது. நகைச்சுவைக் கலைஞராக உலகம் அறிந்த நோவா, 1984இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையரான சுவிட்சர்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். அந்த நாட்டில் அப்போது கறுப்பர், வெள்ளையர் உறவே குற்றம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஆணுக்கு 5 ஆண்டு, பெண்ணுக்கு 4 ஆண்டு வரை சிறை என்றது. பிள்ளைதான் கண்கண்ட சாட்சி. பூங்காவில் “அப்பா” என்று கத்திக்கொண்டு பையன் ஓடிவர, தகப்பன் பயந்து ஓடுகிறார். பையனோ விளையாட்டு என்று நினைத்துத் துரத்துகிறான்.

அச்சுப் புத்தகத்தில் கோடு போடலாம், இரவல் தரலாம். ஒலியில் கண் வலிக்காது, பஸ்ஸில் நின்றபடியே கேட்கலாம். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தீர்ப்புச் சொன்னது மொழி.

நிறத்தால் எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத பையன் பேச்சால் எல்லாக் கூட்டத்திலும் நுழைந்துவிடுகிறான். ஓரிடத்தில் பின்னால் வரும், ஜூலு என்ற கறுப்பின மொழி பேசும் இளைஞர்கள், இவரை வெள்ளையன் என்று எண்ணி, மடக்கிப் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள். இவர் திரும்பி அவர்கள் மொழியிலேயே, வேறு யாரையாவது சேர்ந்தே பிடிக்கலாமே என்கிறார். அவ்வளவுதான், மன்னிப்புக் கேட்டுப் போய்விடுகிறார்கள். அச்சில் அந்த ஜூலு வரி இருக்கிறது. ஆனால் என் கண் அதைத் தாண்டி ஆங்கிலத்துக்குக் குதித்துவிட்டது. ஒலியில் வாசிப்பவர் நோவாவேதான். தாண்ட வழியில்லை. அர்த்தம் புரியாத அந்த இரண்டு விநாடி நானும் அந்தத் தெருவில் நின்றேன்.

மதுரைக்காரர்களுக்கு இது அந்நியமில்லை. மஹால் பக்கத்துக் கடையில் நம்மிடம் தமிழில் விலை சொன்னவர், தலையை உள்ளே திருப்பி மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஒரு வார்த்தை சொல்வார். மொழி மாறும்போது குரலும் மாறும். அந்த மாற்றத்தை எழுத்தில் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்.

நோவாவின் அம்மாவுடைய மொழியான கோசாவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. அச்சில் எக்ஸ் என்ற எழுத்தாக உட்கார்ந்திருப்பது, நம் ஊரில் மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் நாக்கை இழுத்து எழுப்பும் அதே சத்தம். உசிலம்பட்டியில் பிறந்த எனக்கு அது புரிய ஒலிப்புத்தகம் வேண்டியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம். உசிலம்பட்டிக்கும் ஆரப்பாளையத்துக்குமான பயணத்தில், போக ஒரு மணி, வர ஒரு மணி என்று கேட்டேன். நிறவெறிச் சட்டங்களை விளக்கும் பகுதிகள் காதில் நிற்கவில்லை. செக்கானூரணியில் கண் அசந்து, விழித்தபோது பையன் இரண்டு வயது வளர்ந்திருந்தான். விட்ட இடத்தைத் தேடுவது பெரும்பாடு. முதல் இரண்டு அத்தியாயம் அவருடைய உச்சரிப்புக்குப் பழகவே போனது. வேகத்தைக் குறைத்துத்தான் கேட்டேன்.

இன்னொன்று, புத்தகத்தை மூடலாம், காதை மூட முடியவில்லை. 2009இல் அம்மாவை மாற்றாந்தகப்பன் சுடுகிறான். பிழைத்த அம்மா, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி, இனி நம் வீட்டிலேயே அழகு நீதான் என்று மகனைச் சிரிக்கவைக்கிறார். நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். பக்கத்துப் பெரியவர், “என்ன தம்பி, வீட்டில் ஏதும் கெட்ட செய்தியா?” என்றார்.

கைப்பேசியில் மின்னூலாகவும் இரண்டு அத்தியாயம் பார்த்தேன்; அது கருத்துச் சொல்லப் போதாது. எழுதியவரே வாசித்த ஒலிப்புத்தகமாக நான் கேட்டதும் இது ஒன்றுதான். வேறு யாரோ வாசித்திருந்தால் இவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

அச்சுப் பிரதி இப்போது திருமங்கலத்தில் அக்கா மகளிடம் இருக்கிறது. போன வாரம் போன் செய்து, “மாமா, இந்த எக்ஸை எப்படிச் சொல்வது?” என்று கேட்டாள். மாடு ஓட்டிக் காண்பித்தேன்.