போர் தண்ணீர், ஸ்டீல் சிங்க், புளிச் சக்கை

சென்னைப் புறநகரில் போர் தண்ணீர் வரும் வீடு எங்களுடையது. குழாயைச் சுற்றியும் தண்ணீர் விழும் இடத்திலும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கடையில் விற்கும் லிக்விடை நிறுத்திவிட்டு, சில வருஷங்களாக அடுப்படியில் இருப்பதை வைத்துத்தான் ஸ்டீல் சிங்கைச் சுத்தம் செய்கிறேன்.

என் அனுபவத்தில் முதல் இடம் புளிக்குத்தான். அந்த வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். ரசத்துக்குக் கரைத்தபின் மிஞ்சும் சக்கையைக் குழாயடியில் வளையமாக அப்பிவிட்டு, பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவேன். திரும்பி வரும்போது நகத்தால் சுரண்டினாலும் அசையாத உப்பு ஊறி இளகியிருக்கும்; பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். குழாய் நுனியில் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டால் மட்டும் கழற்றி, கிண்ணத்தில் வினிகர் ஊற்றி ஊறப்போடுவேன். எலுமிச்சைத் தோலும் வேலை செய்யும், வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் முரட்டுக் கறைக்கு அது போதவில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளி சரிவராது. அதற்கு ஆப்ப சோடா. ஈரமான சிங்கில் தூவி, தேங்காய் நாரால் ஸ்டீலின் கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி வரும் புளித்த வாடையும் இதில் அடங்கிவிடுகிறது.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லி நிறைய வீடியோக்கள் வருகின்றன. பொங்கும் நுரை வெறும் கரியமில வாயுதான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அதனால் ஒன்றை முடித்து, நன்றாகக் கழுவிய பிறகே அடுத்ததை எடுக்கிறேன். குழாய் அடைப்புக்கும் இந்த நுரை உதவாது. கீழே வாளியை வைத்து வளைவுக் குழாயைக் கழற்றிச் சோற்றையும் பிசுக்கையும் வழித்தெடுப்பதுதான் வழி.

கல்லுப்பு போட்டுத் தேய்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உப்பில் உள்ள குளோரைடு தங்கிவிட்டால் ஸ்டீலில் பொடிப்பொடியாகக் குழி விழும். ஊறுகாய் ஜாடி கழுவினாலும் உடனே தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். மேடை கடப்பா கல்லாக இருந்தால் புளியோ வினிகரோ சிந்தவிடக் கூடாது. அதுவும் சுண்ணாம்புக் கல்தான், பளபளப்பு போய்விடும். முக்கியமாக, பிளீச்சிங் பவுடர் போட்ட சிங்கில் புளிப்பு எதுவும் படக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நெஞ்சைப் பிடிக்கும்.

பழைய கீறல்கள் இதிலெல்லாம் போகாது. மற்றபடி, ராத்திரி கடைசியாக ஒரு காய்ந்த துணியால் சிங்கைத் துடைத்துவிடுகிறேன். தண்ணீர் நின்று காய்ந்தால்தானே உப்பு படியும்? இந்தப் பழக்கம் வந்தபிறகு புளிச் சக்கைக்கே வாரம் ஒரு தடவைதான் வேலை வருகிறது.