ஒரு சப்ளையர் மேலாண்மை மென்பொருளின் நிறைகுறைகள்

எங்கள் கொள்முதல் பிரிவில் பயன்படுத்திவரும் சப்ளையர் மேலாண்மை மென்பொருளைப் பற்றி, இதே துறையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். கொட்டேஷன் கேட்பது, பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புவது, டெலிவரியைக் கண்காணிப்பது, சப்ளையருக்கு மதிப்பெண் போடுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்துதரும் சந்தா முறைச் சேவை இது. குறைகளையும் வெளிப்படையாகச் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்த வகை மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதால், வேறொன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சப்ளையரைப் பற்றிய தகவலை நமக்குத் தருவதில் இது மிகச் சிறந்த கருவி. சப்ளையர் நம்மிடம் சொல்ல விரும்புவதைக் கேட்பதில் மிகவும் பின்தங்கிய கருவி. இரண்டாவதை நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். நாம் வாங்கும் அதே பொருளை அதே சப்ளையரிடம் நம் போட்டியாளரும் வாங்க முடியும். பேரம் பேசிக் குறைத்த விலையை அவரும் பேசிக் குறைத்துவிடலாம். தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் சரக்கு போகிறது, புதிய வடிவமைப்பை யாரிடம் முதலில் காட்டுகிறார்கள், திறமையான பொறியாளரை யாருடைய வேலையில் அமர்த்துகிறார்கள் என்பதில்தான் நிலைத்த சாதகம் இருக்கிறது; சப்ளையர் சொல்வதைக் கேட்டு வளர்க்கும் உறவால்தான் அது கிடைக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லீட் டைமை, அதாவது ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வந்து சேர ஆகும் நாள்களை, காட்டும் பக்கம் ஒன்றுக்காகவே இந்தச் சந்தாவைக் கட்டலாம். கொட்டேஷனில் 30 நாள் என்று எழுதித் தரும் இரண்டு சப்ளையர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய சரக்கு எப்போதும் 28 முதல் 33 நாளுக்குள் வந்துவிடுகிறது. மற்றவருடையது ஒருமுறை 18 நாளில், அடுத்த முறை 45 நாளில் வருகிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த மென்பொருள் ஒவ்வொரு டெலிவரியையும் தனித்தனிப் புள்ளியாக வரைந்து காட்டுவதால், இரண்டாமவர் விலையில் சற்று மலிவாக இருந்தாலும், அவரை நம்பி தாமதத்தைச் சமாளிக்க நாம் வைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஸ்டாக்கின் (கூடுதல் கையிருப்பின்) செலவு அந்த மலிவை விழுங்கிவிடுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. நிதிப் பிரிவினரிடம் இதை வாயால் விளக்கிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தேவை முன்கணிப்பைப் பகிரும் வசதியும் நன்றாக இருக்கிறது. நுகர்வு சீராக இருந்தாலும், கடை, மொத்த வியாபாரி, உற்பத்தியாளர் என்று மேலே போகப் போக ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் பெருகிக்கொண்டே போகும் என்பதை லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் 1997இல் விளக்கினார்கள். குழந்தைகளின் டயப்பர் பயன்பாடு மாறாமல் இருந்தும், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் ஏறி இறங்கியது அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம். நம்முடைய உண்மையான பயன்பாட்டு அளவைச் சப்ளையர் நேரடியாகப் பார்க்க முடிந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். அதற்கான திரையை இதில் எளிமையாக அமைத்திருக்கிறார்கள்.

பொருள்களை வகைப்படுத்தும் பகுதியில்தான் எனக்கு முதல் மனக்குறை. கொள்முதல் உத்திகளைப் பற்றி எழுதிய பீட்டர் கிரால்ஜிக் 1983இல் முன்வைத்த நான்கு கட்ட அட்டவணையை, அதாவது லாபத்தில் ஒரு பொருளுக்கு உள்ள பங்கையும் அது கிடைப்பதில் உள்ள இடரையும் சேர்த்துப் பார்க்கும் முறையை, இதிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இடர் என்ற அச்சை நாம் கைப்பட நிரப்பாவிட்டால், மென்பொருள் செலவுத் தொகையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்திவிடுகிறது. அதனால் மலிவான சிறிய பாகங்கள் எல்லாம் கவனிக்கத் தேவையில்லாத கட்டத்தில் போய் விழுகின்றன. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் சப்ளையரான ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை தீப்பிடித்தபோது நின்றுபோனது பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறிய வால்வின் உற்பத்திதான். டொயோட்டாவின் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் அந்த வால்வு அந்த ஓர் ஆலையிலிருந்தே போய்க்கொண்டிருந்ததாலும், கையிருப்பு மிகக் குறைவாக இருந்ததாலும், ஜப்பானில் இருந்த அதன் ஆலைகள் அநேகமாக முழுவதும் நின்றன. தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற பிரதர் உட்படப் பல நிறுவனங்கள், தங்களுக்குப் பழக்கமே இல்லாத அந்த வால்வைத் தங்கள் இயந்திரங்களில் செய்துகொடுக்க முன்வந்தன. சில நாட்களிலேயே உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த உறவு இல்லாமல் இது நடந்திருக்காது. அப்படிப்பட்ட ஒரு வால்வை முக்கியமற்றது என்று வகைப்படுத்தும் மென்பொருளைத் திருத்தாமல் பயன்படுத்துவது ஆபத்து.

இரண்டாவது குறை மதிப்பெண் அட்டையில் இருக்கிறது, இது இன்னும் தீவிரமானது. நாம் மாற்றச் சொல்லாவிட்டால், சரக்கு வந்த தேதியாக இந்த மென்பொருள் எடுத்துக்கொள்வது, ஸ்டோர்ஸில் சரக்கு வரவுப் பதிவு போடப்படும் தேதியை. வெள்ளிக்கிழமை மாலை லாரி வாசலுக்கு வந்து, இறக்க ஆள் இல்லாமல் காத்திருந்து, திங்கட்கிழமை பதிவானால், சப்ளையர் மூன்று நாள் தாமதம் என்று கணக்காகிறது. மாதக் கடைசியில் அவருக்குத் தானாகவே ஓர் எச்சரிக்கை மின்னஞ்சலும் போகிறது. அவர் தன் திரையில் அந்த மதிப்பெண்ணைப் பார்க்க முடியும், மறுப்புத் தெரிவிக்க முடியாது. எங்களுக்கு மிகவும் ஒழுங்காகச் சரக்கு அனுப்பும் ஒருவர், லாரி உள்ளே நுழைந்த நேரம் குறிக்கப்பட்ட கேட் பாஸைப் படம் எடுத்து, இன்வாய்ஸோடு இணைத்து அனுப்பத் தொடங்கினார். ஒரு நல்ல சப்ளையர் தன் நேர்மையை நிரூபிக்க இப்படி வழி தேடும்படி விடுவது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

சப்ளையரின் யோசனையைப் பதிவுசெய்ய இதில் ஒரு படிவம்கூட இல்லை. 1990களில் அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லர் நடத்திய ஸ்கோர் திட்டத்தில், செலவைக் குறைக்கும் வழிகளைச் சப்ளையர்களே எழுதித் தந்தார்கள். அதில் வந்த சேமிப்பில் ஒரு பங்கை அவர்களே வைத்துக்கொள்ளவும் முடிந்தது. அதே நிறுவனம் ஜெர்மனியின் டைம்லருடன் இணைந்த பிறகு, 2001 ஜனவரி முதல் எல்லாச் சப்ளையர்களும் விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கேட்டது. நான் மதிப்பிடும் மென்பொருளில் இந்த இரண்டாவது வகைக் கோரிக்கையை அனைவருக்கும் ஒரே சொடுக்கில் அனுப்பலாம். முதல் வகைக்கு இடமே இல்லை.

சப்ளையர்கள் போட்டிபோட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வரும் ரிவர்ஸ் ஏலம் வேலை செய்கிறது. அட்டைப்பெட்டி, எழுதுபொருள் போன்றவற்றுக்குப் போதும். இடர் எச்சரிக்கைச் செய்திகள் நேரடிச் சப்ளையர்களோடு நின்றுவிடுகின்றன, அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தொடுவதில்லை. ஜப்பானில் 2011இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே தன் சப்ளையர்களுக்குச் சப்ளை செய்பவர்களின் விவரங்களைத் திரட்ட வேண்டியிருந்ததை நினைத்தால், இதை நாமே கேட்டு வாங்கித் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வதே நல்லது.

சப்ளையர்கள் எண்ணிக்கை அதிகமாக இருக்கும், டெலிவரித் தகவல்கள் எக்செல் கோப்புகளில் சிதறிக் கிடக்கும் நிறுவனங்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்திடும் முன் மூன்றை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்: வாசலில் நுழைந்த நேரமே டெலிவரித் தேதியாக இருக்க வேண்டும், மதிப்பெண்ணை மறுத்துப் பதிவிடச் சப்ளையருக்கு உரிமை வேண்டும், தானாகப் போகும் எச்சரிக்கை மின்னஞ்சலை நிறுத்திவைக்கும் அதிகாரம் கொள்முதல் மேலாளர் கையில் இருக்க வேண்டும். முதலாவதை எங்களுக்குச் செய்துகொடுத்துவிட்டார்கள்; மற்ற இரண்டையும் சந்தா புதுப்பிக்கும்போது கேட்கவிருக்கிறோம்.