ஜீப்பா, நடையா, படகா? காட்டு விலங்குகளைப் பார்க்க எது நல்லது?

வெளிநாடு போய்க் காட்டு விலங்கு பார்க்க நினைப்பவர்கள் எந்த நாடு என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். எதில் போய்ப் பார்ப்பது என்பது அதைவிட முக்கியம் என்பேன். ஜீப்பைக் கண்டுகொள்ளாத யானை, நடந்து வரும் ஆளைக் கண்டால் காதை விரித்து நிற்கும்.

சிங்கம், சிறுத்தை பார்க்க வேண்டுமென்றால் ஜீப்தான். கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி போன்ற பரந்த புல்வெளிகளை வேறெப்படியும் சுற்ற முடியாது. அங்குள்ள சிங்கங்கள் குட்டியிலிருந்தே வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவை. வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் ஒரே உருவமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. யாராவது எழுந்து நின்றால் போதும், படுத்திருந்த சிங்கம் தலையைத் தூக்கிவிடும்.

ஜீப்பின் குறை, கூட்டம். வைல்டுபீஸ்ட் என்ற, மாடு போன்ற மான்களின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரை கரையில் வண்டிகள் முண்டியடிக்கும். சிவிங்கிப்புலியின் (சீட்டா) பாடுதான் பாவம். பகலில் வேட்டையாடும் விலங்கு அது. சுற்றி வளைத்து வண்டிகள் நின்றால் எப்படிப் பதுங்கும்? கூட்டம் கூடிய இடத்துக்குப் போக வேண்டாம் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

நடைக்குப் பேர்போனது ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னால் போவார், நாம் ஒற்றை வரிசையில் பின்னால். கண்ணில் படுவது குறைவு, காதில் விழுவது அதிகம். புதருக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்டால் வழிகாட்டி சட்டென்று கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்துவார். எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் சின்னப் பறவையின் எச்சரிக்கைக் குரல் அது. அந்தப் பறவை கத்தினால் எருமை பக்கத்திலேயே இருக்கக்கூடும். எஞ்சின் சத்தத்தில் இதெல்லாம் கேட்காது. ஆனால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நடை சரிப்படாது.

என் ஓட்டு படகுக்குத்தான். நாம் விலங்கைத் தேடிப் போவதில்லை, அது தன் வேலையாகத் தண்ணீருக்கு வருகிறது. போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில், மழையில்லாத மாதங்களில், மதியத்துக்கு மேல் யானைக் கூட்டங்கள் கரைக்கு இறங்கும். சில சமயம் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டியபடி நடுவிலுள்ள தீவுக்கு நீந்தும். போர்னியோ தீவின் கினபாத்தாங்கான் ஆற்றில் இன்னும் வசதி. பெருமூக்குக் குரங்குகள் இரவு தங்க ஆற்றோர மரங்களுக்குத்தான் வரும். சாயங்காலம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், கிளைகள் வளைய வளைய அவை தாவி வருவதைப் பார்க்கலாம். இருவாச்சிகளும் தலைக்கு மேலே ஜோடியாகப் பறந்து போகும். முட்டி வலி உள்ளவர்களும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

அப்புறம் மறைவிடக் குடில். பறவைப் பிரியர்களுக்கு இது அருமை. பெருவின் தம்போபட்டாவில் விடியற்காலையில் பஞ்சவர்ணக் கிளிகள் ஆற்றங்கரைக் களிமண்ணைத் தின்ன வரும், மறைந்திருந்து பார்க்கலாம். அவை தாமாக வருபவை. பின்லாந்தில் கரடி பார்க்கும் குடில்களில் இரை வைத்து வரவழைப்பது வழக்கம். படம் நன்றாக வரும்தான், ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. குடிலுக்குப் பணம் கட்டும் முன் இரை வைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.