திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: எந்தப் பகுதி, எந்த ஒழுங்கை, எந்த மாடி

கொழும்பில் வீடு தேடுகிறோம் என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும், "வெள்ளவத்தையில பாருங்க" என்றுதான் பதில் வரும். தமிழ்க் கடை, கோயில், பள்ளிக்கூடம், தெரிந்த முகம் எல்லாம் அங்கே இருப்பது உண்மை. ஆனால் வருடக்கணக்காக அங்கே குடியிருந்தவர்கள் சொல்லும் குறைகளில் பகுதியின் பெயர் பெரும்பாலும் வராது. அந்த ஒழுங்கை, அந்தக் கட்டடம், அந்தத் தண்ணீர்த் தாங்கி, அந்தக் கரண்ட் மீற்றர் என்றுதான் பேச்சு போகும். ஆகவே முதலில் வேலைத்தலமும் பள்ளிக்கூடமும் முடிவாகட்டும். பிறகு அவற்றுக்குப் போகும் பாதை, அதன் பிறகு கட்டடம். வாடகை கடைசியில்.

உவர்மலையிலிருந்தோ அன்புவழிபுரத்திலிருந்தோ டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்துக்குள் போய்ப் பழகியவர்கள் கிலோமீற்றரை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். கொழும்பில் அந்தக் கணக்கு உதவாது. காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் காலி வீதி, ஹைலெவல் வீதி, நீர்கொழும்பு வீதி எல்லாமே நகரை நோக்கி நிரம்பி நகரும். கோட்டையிலோ புறக்கோட்டையிலோ வேலை என்றால் கரையோர ரயில் பாதையை ஒட்டி வீடு எடுப்பதுதான் நிம்மதி. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. மாதாந்த சீசன் ரிக்கெட்டுக்கு ஆகும் செலவு பஸ்ஸைவிடக் குறைவு, வீதி நெரிசலும் ரயிலைத் தொடாது. அலுவலக நேரத்தில் பெட்டிக்குள் நிற்கத்தான் இடம் கிடைக்கும், பகலிலும் இரவிலும் ரயில்கள் குறைவு. அந்த நேரங்களுக்கு 100, 101, 102, 155 ஆகிய இலக்க பஸ்கள் காலி வீதியால் ஓடுகின்றன. 102 கொட்டாஞ்சேனை வரையும், 155 மட்டக்குளி வரையும் போவதால் நகரின் வடக்கும் தெற்கும் ஒரே பஸ்ஸில் இணைகின்றன. நாரஹேன்பிட்டிப் பக்கம் வேலை என்றால் வெள்ளவத்தையிலிருந்து 141 இருக்கிறது.

வெள்ளவத்தையில் விளம்பரம் எல்லாம் சீ சைட், லேண்ட் சைட் என்றுதான் வரும். காலி வீதிக்கும் கடலோரமாக ஓடும் மெரைன் டிரைவ் வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் சீ சைட். காலி வீதிக்கு மறுபக்கம் லேண்ட் சைட். வாடகையும் அங்கேதான் அதிகம். கடற்கரையில் வளர்ந்த நம்மவர்கள் அதை உடனே விரும்புவார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்முடைய கடல் கிழக்கே, கொழும்பின் கடல் மேற்கே. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது தரையிலிருந்து கடலுக்குப் போகும். அதே மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பில் காற்று கடலிலிருந்து உப்போடு நேரே வீட்டுக்குள் வரும். கடல் பார்த்த அறைக்கு நம் ஊரில் காலை வெயில்தான். அங்கே பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணி வரை சுவர் காய்ந்து, இரவு பத்து மணிக்கும் அறை சூடாக இருக்கும். ஏசி இல்லாமல் படுக்க முடியாது, அந்த ஏசியின் வெளி யுனிட்டைத்தான் உப்புக்காற்று முதலில் அரிக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது டைல்ஸையும் பென்ட்ரி கபேர்ட்டையும் பார்த்து மயங்க வேண்டாம். பல்கனிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். அலுமினியச் சட்டம் இழுபடாமல் கரகரத்தால் கீழே உருளைகள் உப்பேறிப் போயிருக்கின்றன. யன்னல் பிடியின் ஸ்க்ரூத் தலைகளில் துரு, ஏசி தாங்கும் இரும்புக் கோணத்தில் உரிந்து தொங்கும் பெயின்ட் இரண்டையும் பாருங்கள். பிறகு படிக்கட்டால் ஒரு மாடி ஏறி மேலே நிமிர்ந்து பாருங்கள். சிலாப்பின் அடியில் பழுப்புக் கோடோ, கொங்கிறீற் உதிர்ந்து கம்பி தெரியும் இடமோ இருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுவதே நல்லது. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கித்தான் கொங்கிறீற் பிளக்கிறது, மேலே பூசி மறைத்தாலும் அது நிற்காது. மெரைன் டிரைவை ஒட்டிய முதல் வரிசையில் ரயில் சத்தமும் சேரும். கடல் பக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவில், முன்னால் இன்னொரு கட்டடம் மறைக்கும் ஒழுங்கைகள் பொருந்தும். காட்சி குறையும், பழுதுச் செலவும் குறையும்.

லேண்ட் சைட் வாழ்வதற்கு வசதி, ஆனால் கால்வாயை நெருங்க நெருங்கக் கவனம் வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால் சில ஒழுங்கைகளின் தாழ்ந்த முனையில் தண்ணீர் நிற்கும். மதிலில் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஒழுங்கை முனைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் திருகோணமலைக் குடும்பங்கள் ஏமாறுவது அதிகம். ஊரில் கந்தளாய்க் குழாய்த் தண்ணீர் நின்றாலும் வளவில் கிணறு இருக்கும். தொடர்மாடியில் அது கிடையாது. வீதிக் குழாயிலிருந்து சம்ப் எனும் நிலத்தடித் தொட்டி, சம்ப்பிலிருந்து பம்ப் மூலம் மொட்டைமாடித் தாங்கி, அங்கிருந்து வீடுகளுக்கு என்பதுதான் வழி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லீற்றர் என்று வையுங்கள். எட்டு மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்றால் 16 வீடுகளுக்கு 8,000 லீற்றர் வேண்டும். மேலே 2,000 லீற்றர் தாங்கி இரண்டுதான் இருந்தால் பம்ப் நின்று அரை நாளில் குழாய் வற்றும். ஆகவே ஜெனரேற்றர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது. லிப்டுக்கு மட்டுமா, பம்புக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. கடைசி மாடி என்றால் ஷவரைத் திறந்து பாருங்கள். தாங்கி தலைக்கு மேலேயே இருப்பதால் அங்கேதான் அழுத்தம் மிகக் குறைவு. பூஸ்டர் பம்ப் இல்லாமல் கீசர் ஒழுங்காக வேலை செய்யாது.

அடுத்தது மீற்றர். வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறும். அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் நிலையான கட்டணமும் உயரும், 180 அலகுக்கு மேல் உச்ச விலை. வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸிலும் பிரித்து வாடகைக்கு விட்ட மாடிகளிலும் ஒரே பிரதான மீற்றரில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் சப் மீற்றர் மட்டும். மூன்று குடும்பமும் தலா 80 அலகு பாவித்தால் பிரதான மீற்றர் 240 காட்டும். தனியாக இருந்திருந்தால் நடுப்படியில் நின்றிருக்க வேண்டிய நீங்கள் உச்சப்படி விலையில் பங்கு கொடுக்கிறீர்கள். தண்ணீர் பில்லும் இதே மாதிரிப் படிமுறைதான். கடைசி மூன்று மாத பில்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள கணக்கு இலக்கம் அந்த வீட்டுக்கு மட்டும் உரியதா என்று மீற்றர் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை குறைவு என்று எடுத்த அனெக்ஸ் மாத முடிவில் தனி வீட்டுச் செலவுக்கு வந்து நிற்பதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

மற்றப் பகுதிகளுக்கு வருவோம். பம்பலப்பிட்டியும் கொள்ளுப்பிட்டியும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் அருகில், ஆனால் அதே பணத்துக்கு அறை சிறிது. தெஹிவளைக் கால்வாயோடு கொழும்பு மாநகரசபை எல்லை முடிகிறது. அதைத் தாண்டினால் தெஹிவளை–கல்கிசை மாநகரசபை. கால்வாய்க்கு அப்பால் உள்ள வீட்டையும் வெள்ளவத்தை என்று சொல்லி வெள்ளவத்தை வாடகை கேட்பவர்கள் உண்டு, மின்கட்டண பில்லில் உள்ள முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். களுபோவிலைப் பக்கம் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருப்பதால் வயது போன அப்பா அம்மாவோடு வருபவர்களுக்கு நல்ல தெரிவு. கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் தெஹிவளையைத்தான் விரும்புகின்றன. எங்கள் கணிப்பில், பாடசாலைக் கட்டாயம் இல்லாத குடும்பத்துக்கு விலைக்கும் வசதிக்கும் ஒத்துவருவது தெஹிவளை நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய ஒழுங்கைகள்.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடை எல்லாம் துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் தொழில் செய்பவர்களுக்கு உரிய இடம். விவேகானந்தா கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பழைய வீடுகளில் மின் வயரிங் பழசு, வாகனம் நிறுத்த இடம் இல்லை, கொள்கலன் லொறிகளின் புழுதியும் உண்டு. ஊருக்குப் போகிற இரவு பஸ்ஸும் ரயிலும் மிக அருகில் என்பது பெரிய ஆறுதல். விடியற்காலையில் பஸ்ஸில் வரும் மீன் பெட்டியையும் மூதூர்த் தயிரையும் எடுத்துவந்து வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். வத்தளையில் அதே வாடகைக்கு முற்றத்தோடு வீடு கிடைக்கும். ஆனால் அது கம்பஹா மாவட்டம், களனி கங்கையைத் தாண்டித்தான் தினமும் வர வேண்டும்.

களனியை ஒட்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பக்கங்களில் வாடகை குறைவாக இருப்பதற்கு 2016 மே வெள்ளம் போன்றவை காரணம். களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவியில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். அந்தப் பக்கம் எடுப்பதானால் தரை வீட்டை விட்டு மேல்மாடியைப் பாருங்கள்.

பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வருபவர்கள் வீடு தேடும் முன்பே கல்வி அமைச்சின் அந்த வருடச் சுற்றறிக்கையை வாசிக்க வேண்டும். அண்மையில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25 வீதம், சகோதரர்களுக்கு 15 வீதம் என்று இடங்கள் பிரியும். வதிவிடப் பிரிவில் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவு முக்கியம். வீட்டுக்கும் கேட்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆரையாக வைத்து வட்டம் போட்டு, அதற்குள் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். சொந்த உறுதிக்கு உள்ள பெறுமதி குத்தகை உறுதிக்கு இல்லை. இடிக்கும் இடம் என்னவென்றால், வாடகைக்காரரின் பெயரை வாக்காளர் படிவத்தில் எழுத வீட்டுக்காரர் பலர் சம்மதிக்க மாட்டார்கள், பிறகு வீட்டில் உரிமை கேட்பார்கள் என்ற பயம். முற்பணம் கொடுத்த பிறகு இதைக் கேட்டால் பதில் கிடைக்காது. கொடுப்பதற்கு முன்பே பேசி, உடன்படிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கொழும்பில் பதிந்தால் திருகோணமலை இடாப்பில் பெயர் இருக்க முடியாது என்பதையும் குடும்பமாக யோசியுங்கள்.

பணம் கைமாறும் கட்டத்தில் கணக்கு இப்படி வரும். வாடகை 80,000 ரூபா என்று வைத்தால், ஆறு மாத முற்பணம் 480,000, முதல் மாதம் 80,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 80,000. லொறி ஏறும் முன்பே 640,000. அந்த முற்பணம் கடைசியில் முழுதாகத் திரும்புமா, மாதாமாதம் வாடகையில் கழியுமா என்பதை எழுத்தில் வையுங்கள். வீடு விட்டு எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், பெயின்ட் செலவு யாருடையது, வருடம் புதுப்பிக்கும்போது எத்தனை வீதம் கூடும் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். பல உடன்படிக்கைகளில் 10 வீதம் என்று இருக்கும். தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்து வைத்து வருடக் குத்தகை என்று நம்பி இருக்க வேண்டாம். காலம் முடிந்த வீட்டை உரிமையாளர் நீதிமன்றம் மூலம் விரைவாக மீட்க 2023 இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. எனவே முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிப்பதைப் பேசத் தொடங்குங்கள்.

வீடு பார்க்க நல்ல காலம் மே கடைசியிலும் ஜூனிலும். திருகோணமலையில் வெயில், கொழும்பில் மழை. ஒழுகும் சுவரும் தண்ணீர் நிற்கும் ஒழுங்கையும் அப்போதுதான் தெரியும். ஒரே வீட்டை கிழமை நாளில் காலை ஏழு மணிக்கும், பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கும், இரவிலும் பாருங்கள்.

சாமான் ஏற்றும்போது பெரிய தேக்கு அலுமாரியைக் கழற்ற முடியுமா என்று ஊரிலேயே பாருங்கள். பல கட்டடங்களில் லிப்ட் அதை ஏற்றாது, படிக்கட்டுத் திருப்பத்திலும் அது சிக்கும். நீள லொறி ஒழுங்கைக்குள் திரும்பாது, சிறிய கென்டர் லொறி பிடித்து ஞாயிறு அதிகாலையில் இறக்குங்கள். சாவி வாங்கும் அன்றே மின், தண்ணீர் மீற்றர் இரண்டின் வாசிப்பையும், சுவர் வெடிப்பு, டைல்ஸ் உடைவு, யன்னல் துரு எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள். முற்பணத்தில் கழிவு பேசும் நாளில் அந்தப் பதில்தான் கணக்குக்கு அடிப்படை.