லினக்ஸுக்கு என்று சொல்லி என் தலையில் கட்டிய ஜிடி 730

சேலத்தில் பழைய கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 3,300 ரூபாயும் ஒரு வார வேலையும் போய்விட்டது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குக் கொலுசு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர். அதை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சரி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடலாம், கூடவே இரண்டாவது மானிட்டரும் வைத்துக்கொள்ளலாம் என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

"ரெண்டு மானிட்டர்னா கார்டு கண்டிப்பா வேணும் சார்" என்ற கடைக்காரர், செகண்ட் ஹேண்டில் இரண்டு ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு எடுத்து வைத்தார். கார்டின் மெமரிப் பாதையின் அகலம் ஒன்றில் 64 பிட், இன்னொன்றில் 128 பிட். "128 எடுத்துக்குங்க, அதுதான் பெருசு. லினக்ஸ் டிரைவர் நானே போட்டுத் தர்றேன்." கார்டுக்கு 2,500, இன்ஸ்டால் செய்ய 800.

வீட்டில் பெரிய டிசைனைத் திறந்து நகர்த்தினால் கோடுகள் திணறித் திணறி வந்தன. டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்; மின்ட்டின் டிரைவர் மேனேஜரில், இந்தச் சிப்பின் நிறுவனமான என்விடியாவின் டிரைவர் ஒன்றுகூடக் காட்டவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். என்விடியாவின் 470 வரிசை டிரைவரை வலுக்கட்டாயமாக ஏற்றி, ரீஸ்டார்ட்கூடச் செய்து பார்க்காமல் அனுப்பிவிட்டார். வீட்டில் ஆன் செய்தால் மின்ட் லோகோ வந்து மறைந்தது, அப்புறம் கருப்புத் திரைதான். மறுநாள் காலை கொடுக்க வேண்டிய டிசைன் அதற்குள் இருந்தது.

ராத்திரி ரெகவரி மோடில் போய் டிரைவரை நீக்கிவிட்டு, டெர்மினலில், உள்ளே மாட்டியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை அடித்துப் பார்த்தேன். சிப்பின் பெயர் ஜிஎஃப்108 (GF108) என்று வந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. 2014-ல் வந்த ஜிடி 730-இல் ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்கள் உண்டு. அந்த 128 பிட் கார்டில் இருப்பது ஃபெர்மி என்ற பழைய தலைமுறை, கணக்குப் போடும் கோர்கள் 96. அவர் ஒதுக்கித் தள்ளிய 64 பிட் வகையில் இருப்பது அதற்கு அடுத்து வந்த கெப்ளர், 384 கோர். ஃபெர்மிக்குக் கடைசி டிரைவர் 390 வரிசை. அதை என்விடியா 2022 முடிவோடு நிறுத்திவிட்டது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பில் அது அப்படியே ஏறாது. 470 வரிசை கெப்ளரிலிருந்துதான் ஆரம்பம். மிச்சம் இருப்பது லினக்ஸோடு வரும் நூவோ டிரைவர். அது இந்தச் சிப்பை முழு வேகத்துக்கு ஓட்டாது.

கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், "லினக்ஸ்னாலே இப்படித்தான் சார், விண்டோஸே போட்டுக்குங்க" என்றார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. விண்டோஸிலும் ஃபெர்மிக்குப் புதிய கேம் டிரைவர்கள் 2018-லேயே நின்றுவிட்டன. தெரியாமல் விற்றுவிட்டு, பழியை லினக்ஸ் மேல் போடுவது என்ன நியாயம்? பில்லில் 'பழைய பொருள் திரும்பப் பெறப்படாது' என்று முத்திரை வேறு.

கடைசியில் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே இருந்த எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டிலும் மானிட்டர்களைச் செருகினேன். இன்டெல் கிராபிக்ஸுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு திரையும் உடனே வந்தன. கார்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

உங்களுக்குக் கார்டு வேண்டியே இருந்தால், மின்ட் போட்ட பென்டிரைவைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே கார்டை மாட்டி, பென்டிரைவிலிருந்து பூட் செய்து, எல்எஸ்பிசிஐ கட்டளையில் சிப்பின் பெயரைப் பாருங்கள். ஜிஎஃப் என்று ஆரம்பித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மாட்டிக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.